ஒன்றாம் வகுப்புக்கு வாரத் திட்டம்: ஒரே அறையில் மூன்று வகுப்பு இருந்தால் எப்படிப் பிரிப்பது?

அன்னூர்_ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3 மூணு வகுப்பும் ஒரே அறையில என் பொறுப்பு. ஒன்னாம் வகுப்புல 14 குழந்தைங்க. அதுல அஞ்சு பேரு அங்கன்வாடிக்கே போகாதவங்க. மூணு பேரு மில் குவார்ட்டர்ஸ்ல இருந்து வர்ற ஒடியாக் குழந்தைங்க, வீட்டுல தமிழ் இல்ல.

ஆசிரியர் கையேடும் பயிற்சி நூலும் கையில இருக்குது. ஆனா அஞ்சு நாள்ல எத்தன எழுத்து, எத்தன எண், எப்ப எழுத வெக்கறது, மத்தியானம் சாப்பிட்டுத் தூக்கத்துல இருக்கறவங்களுக்கு என்ன பண்றதுன்னு ஒரு வாரத்தப் பிடிச்சு நிறுத்த முடியல. அப்பறம், பெத்தவங்க வந்து "அ, ஆ எழுத வெக்கலீங்களா"ன்னு கேக்கறாங்க. ஒரு வாரம் நெஜமா எப்படி இருக்கோணும்னு சொல்லுங்க. பொதுவா வேண்டாமுங்க, நாள் வாரியா வேணும்.

கோபி_கரும்பலகை:

டீச்சர், வாரத்துக்குப் புது எழுத்து மூணு, மிஞ்சிப் போனா நாலு. உங்க வகுப்புக்கு மூணே போதும். திங்கள், செவ்வாய், புதன் நாளுக்கொரு எழுத்து. வியாழக்கெழம அந்த மூணு எழுத்துல இருந்து சொல். வெள்ளிக்கெழம புதுசா ஒன்னுமே கெடையாது, விட்டுப்போனவங்களுக்கான நாள் அது. வாரத் திட்டம் கெடறது பெரும்பாலும் வெள்ளிக்கெழமையும் ஒரு எழுத்தத் திணிக்கறதாலதான். நடுவுல ஒரு நாள் நோம்பி லீவு வந்துச்சுன்னா மொத்தமும் அடுத்த வாரத்து மேல சாஞ்சுரும். வெள்ளி காலியா இருந்தா அது தாங்கிக்கும்.

ட, ப, ம எடுத்துக்குவோம். கை பழகறதுக்கு இது நல்ல வரிசை. ட மேல இருந்து நேரா இறங்கி வலப்பக்கம் போகும். அதுலயே வலது முனையில மேல ஏறுனா ப. ஏறுன கோடு உள்பக்கமா வளைஞ்சு இறங்குனா ம. முந்தின நாள் கை போட்ட கோட்டு மேலதான் இன்னிக்கு எழுத்து நிக்கும்.

ட எழுத்த அறிமுகப்படுத்தறப்ப ஒரு இடம் சிக்கும். தமிழ்ச் சொல் ட-வுல தொடங்காது. "டம்ளர், டயர்"னு குழந்தைங்க சொல்வாங்க, சொல்லட்டும். நீங்க ஆடு, மாடு, வீடு, காடுன்னு நடுவுலயும் கடைசியிலயும் வர்ற சத்தத்தக் காட்டி ஆரம்பிங்க. ப, ம-வுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. ப-வுக்குச் சொல்லு கேட்டா "பொடக்காளி"ன்னு (கொல்லைப்புறம்) ஒரு குழந்தை சொல்லும். அது பொ-வாச்சேன்னு தள்ளாதீங்க. முதல் சத்தம் சரி, அந்த வாரத்துக்கு அது போதும்.

ஒரு எழுத்துக்கு 40 நிமிசப் பாடவேளை ஒன்னு. முதல் அஞ்சு நிமிசம் கைதட்டு. "படம்"னு சொல்லித் தட்டச் சொன்னா குழந்தைங்க ப-டம்னு ரெண்டு தட்டுதான் தட்டுவாங்க. எழுத்து மூணாச்சேன்னு திருத்த வேண்டாம், காதுக்கு ரெண்டுதான். மூணு எழுத்தையும் வியாழக்கெழம விரல் மடக்கிக் காட்டிக்கலாம். கும்மி தெரிஞ்ச ஊருங்கறதால தட்டறதுக்குத் தனியாப் பழக்கவே வேண்டாமுங்க, வட்டமா நிக்க வெச்சாப் போதும்.

அடுத்த பத்து நிமிசம் மணல். சலிச்ச மணலோ செம்மண்ணோ, நல்லாக் காஞ்சது, தட்டத்துல விரல் நகம் உசரம். அதுக்கு மேல போட்டா விரல் புதைஞ்சு கோடு மூடிக்கும். கரிசல் மண் வேண்டாம், வேர்வைக் கையில ஒட்டிக்கும். நீங்க எழுதறத அவங்க பக்கத்துல இருந்து பாக்கோணும். எதிர்ல நின்னு காத்துல எழுதிக் காட்டுனீங்கன்னா ட திருப்பிக்கும். இடவலம் மாத்தி எழுதற பாதிப் பேரோட தப்பு அங்கதான் தொடங்குது.

அதுக்கப்பறம் சிலேட்டு. ஒரு பக்கம் நெறைய எழுதச் சொல்லாதீங்க. மூணாவது வரிசையில இருந்து வடிவம் கெடும், கெட்ட வடிவந்தான் கையில நிக்கும். பெருசா அஞ்சு எழுதி, அதுல எது நல்லா இருக்குதுன்னு குழந்தையே ஒன்னுக்கு வட்டம் போடோணும். நோட்டு வியாழனுக்கு மேலதான், அதுவும் பெரிய கட்டம் போட்ட நோட்டு. கிரேயானத் துண்டா ஒடைச்சுக் குடுங்க, கட்டை விரல் நீளத்துல பாதி. துண்டா இருந்தா முஷ்டி மடக்கிப் பிடிக்க முடியாது, மூணு விரல் தானா வந்துரும்.

வியாழன் சொல்லுக்கு ட, ப, ம கூட ட், ம் சேர்த்தாப் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். அடுத்த வாரம் ர, க வந்தா மரம், பம்பரம், கட்டம், பக்கம். அட்டைய உள்ளங்கை அகலத்துல வெட்டி, புள்ளி வெச்ச எழுத்துக்கு மட்டும் வேற நெறம். அதப் பேசி வெளக்க வேண்டாம், பாத்தே பழகிக்குவாங்க.

இதுல ஒன்னு கவனிங்க. "ட"ன்னு தனியாச் சொல்றப்ப ஒரு சத்தம், "படம்"னு சொல்றப்ப மெதுவான வேற சத்தம், "பட்டம்"ல மறுபடி வல்லின அழுத்தம். குழந்தை எழுத்துக் கூட்டிப் படிச்சு வல்லினமாவே "படம்"னு சொல்லும், தான் சொன்னது தனக்கே புரியாம முழிக்கும். அதனால சொல்ல முழுசாச் சொல்லி, பொருளக் காட்டி, பிற்பாடு எழுத்தாப் பிரிங்க. எழுத்துக் கூட்டறது அதுக்கு மறுநாள் வெச்சுக்கலாம்.

காங்கேயம்_கணக்கு:

தமிழுக்கு மேலே சொன்னது சரி. கணக்குக்கு வாரம் ஒரு எண் போதும் என்று சிலர் சொல்வார்கள், நான் அதை ஏற்கவில்லை. 1 முதல் 5 வரை ஒரே வாரத்தில் பேச்சாகவும் பொருளாகவும் எடுங்கள். எழுதுவதை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஐந்து வரை ஏற்கெனவே வாயில் இருக்கிறது. பொருளோடு ஒட்டவில்லை, அவ்வளவே.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. ஏழு புளியங்கொட்டையைச் சிரட்டையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "ஏழு" என்று உடனே சொன்னால் கடைசியாகச் சொன்ன எண்தான் தொகை என்பது பிடிபட்டுவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் பிடிபடவில்லை. அந்தக் குழந்தைக்கு 10 வரை எழுதத் தெரிந்திருந்தாலும் கூட்டல் இப்போது வேண்டாம். எண்ணும்போது ஒன்றை விட்டுவிடுவது, ஒன்றையே இரண்டு தடவை எண்ணுவது இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: இரண்டு சிரட்டை. எண்ணியதை இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்கு மாற்ற வேண்டும்.

செவ்வாய், புதனில் சோழி. ஐந்து புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். உருட்டிப் போட்டால் வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு. வெள்ளை ஒன்று, கறுப்பு நான்கு. சில நாளில் 5 என்பது எப்படியெல்லாம் பிரியும் என்பதைக் குழந்தைகளே சொல்லுவார்கள். "ஐந்தும் கறுப்பு" என்று வரும்போது "வெள்ளை எத்தனை?" என்று கேளுங்கள். பூச்சியத்தைச் சொல்லித்தர அதைவிட நல்ல இடம் கிடையாது.

10-க்கு வரும்போது முட்டைத் தட்டு. சத்துணவுக்கு முட்டை வரும் அட்டைத் தட்டில் ஐந்தைந்தாக ஆறு வரிசை, மொத்தம் 30 குழி. இரண்டு இரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழித் தட்டு மூன்று கிடைக்கும். ஆறு கொட்டையை நிரப்பினால் மேல் வரிசை ஐந்து நிறைந்து கீழே ஒன்று நிற்கும். "ஆறு என்றால் ஐந்தும் ஒன்றும்", "பத்துக்கு இன்னும் நாலு" இரண்டையும் ஒரே பார்வையில் குழந்தை பார்த்துவிடும். உடைந்த முட்டை ஒழுகிய தட்டு ஆகாது, அதில் கிருமி இருக்கும். கறையில்லாத தட்டாகப் பார்த்து எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து, பிறகு வெட்டுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவ வையுங்கள்.

11-க்கு மேல் போகும்போது தென்னை ஈர்க்குக் குச்சி. பத்தைக் கட்டாகக் கட்டி ரப்பர் பேண்டு போட வேண்டும், கட்டுவதைக் குழந்தையே செய்ய வேண்டும். ஆசிரியர் கட்டி வைத்த கட்டைக் கொடுத்தால் அது அவர்களுக்குப் பத்தாகத் தெரியாது, ஒரு பொருளாகத்தான் தெரியும். "பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டு 21 என்று எழுதும் குழந்தைக்குக் கட்டு இடப்பக்கம், உதிரி வலப்பக்கம் என்று கோடு போட்ட பலகை கொடுங்கள்.

எண் எழுதுவதில் 3, 7 இரண்டும் திரும்பிக்கொள்ளும், 6-ம் 9-ம் தலைகீழாகும். இந்த வயதில் அது இயல்பு. 3-ஐயும் 7-ஐயும் ஒரே நாளில் எழுதப் பழக்காமல் இருந்தாலே பாதி குறையும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணுவதற்குக் குன்றிமணி, ஆமணக்கு முத்து இரண்டையும் வகுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. சிறிய பயறு வகையும் வேண்டாம், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். புளியங்கொட்டையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள், அதுவும் கணக்குத்தானே.

நொய்யல்_கரை:

எழுத்து வரிசையப் பத்தி ஒரு மாற்றுக் கருத்துங்க. கோபிக்காரர் சொன்ன ட, ப, ம கைக்கு நல்லது. ஆனா கையேடும் பயிற்சி நூலும் ஒரு வரிசையில போறப்ப நீங்க தனியா வேற வரிசை போட்டா, பயிற்சி நூல்ல பக்கம் பக்கமா மிச்சம் நிக்கும், மதிப்பீட்டுல குழந்தைதான் முழிக்கும். அதனால கேக்கறது, சொல்றது, அடையாளம் காண்றது எல்லாம் கையேட்டு வரிசையில. எழுதறது மட்டும் வடிவ வரிசையில. முதல் பருவத்துல ரெண்டும் வேற வேறயாப் போனா ஒன்னும் கெட்டுப்போகாது, ரெண்டாம் பருவத்துல ஒன்னாச் சேந்துக்கும்.

பெத்தவங்களுக்கும் இதுலயே பதில் இருக்குது. அ, ஆ பாட்டா தினமும் காலையில ஓடட்டும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்ததுல குழந்தைங்க நேரத்துலயே வந்தறாங்க. சாப்பிட்டு மணி அடிக்கற வரைக்கும் இருக்கற சித்த நேரம் பாட்டுக்குப் போதும். வீட்டுல போய்ப் பாடிக் காட்டுனா "பள்ளிக்கூடத்துல ஒன்னும் சொல்லித் தர்றதில்ல"ங்கற பேச்சு நின்னுரும். ஆனா அ எழுதறது ட-வ விட ரொம்பச் சிரமம். சுழி, வளைவு, கோடு மூணும் ஒரே எழுத்துல. ஜூன் மாசத்துல அத எழுத வெச்சு அழ வெக்கறதுல என்ன இருக்குது சொல்லுங்க.

பின்னாடி வரப்போற ரெண்டு மேடு இப்பவே தெரிஞ்சிருக்கட்டும். ஒன்னு, ெ, ே. சத்தம் பின்னாடி வருது, குறி முன்னாடி நிக்குது. குழந்தை காதுல விழுந்த வரிசையிலயே எழுதி, கொம்ப எழுத்துக்குப் பின்னாடி போடும். எழுத்து அட்டைய நடுவுல வெச்சு, கொம்பு அட்டைய இடப்பக்கமாக் கொண்டுவந்து ஒட்ட வெச்சு விளையாடுனா சரியாகும். ொ, ோ அதுக்கு அப்பறந்தான்.

இன்னொன்னு உகரம். ா எல்லா எழுத்துக்கும் ஒரே கால், ஆனா உகரத்துக்கு வடிவம் ஒன்னு கெடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு சுத்தி வளையற கூட்டம். சு, பு, யு, வு கீழ கோடு இறங்கற கூட்டம். து, நு, று, னு, லு, ணு இன்னொரு கூட்டம். அகர வரிசையில கு, சு, டு, து, புன்னு போனா அடுத்தடுத்து வடிவம் மாறி எதுவும் நிக்காது. கூட்டம் கூட்டமாப் போங்க, ஒரு கூட்டத்துக்கு ஒரு வாரம். ஆடு, மாடு, வீடு, காடுன்னு நம்ம பக்கத்துச் சொல்லே முதல் கூட்டத்துல குவிஞ்சு கெடக்குது.

அன்னூர்_ஆசிரியை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒன்னாம் வகுப்புக்கு 40 நிமிசம் முழுசா நின்னா ரெண்டாம், மூணாம் வகுப்பு என்னங்க பண்ணும்? அப்பறம் அந்த ஒடியாக் குழந்தைங்க? மூணு பேரும் ஒன்னா ஒக்காந்துக்கறாங்க, வாயே தெறக்கறதில்ல.

பெருந்துறை_ராட்டை:

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23-ல வந்ததுல இருந்து 1 முதல் 3 வரை நிலை வாரியாத்தானுங்க போகுது: அரும்பு, மொட்டு, மலர். அத உங்களுக்குச் சாதகமா எடுத்துக்குங்க. பாட்டு, கதை, கைதட்டு மூணும் மூணு வகுப்புக்கும் ஒன்னா, 15 நிமிசம். அதுக்கப்பறம் பிரிங்க. பெரியவங்களுக்கு அவங்களாவே முடிக்கற பயிற்சி நூல் பக்கத்தக் குடுத்துட்டு ஒன்னாம் வகுப்புல 20 நிமிசம் ஒக்காருங்க. புது எழுத்துக்கு அந்த 20 நிமிசந்தான் உயிர், நடுவுல எந்திரிக்காதீங்க. மிச்சம் சிலேட்டு வேலைக்கு நீங்க பக்கத்துல நிக்க வேண்டியதில்ல. பெரியவங்களுக்குப் புதுப் பாடம் நடத்தறப்ப சின்னவங்களுக்கு மணல், கொட்டை, கிரேயான். தப்பு நடக்கறது எங்கன்னா, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல புதுசு வெக்கறப்பத்தான்.

மூணாம் வகுப்புக் குழந்தைய ஒன்னாம் வகுப்புக்குத் துணையா விடலாம், பத்து நிமிசம் மட்டும். அட்டையக் காட்டிக் கேக்கட்டும், கதை படிச்சுக் காட்டட்டும். சின்னவங்க கையப் பிடிச்சு எழுத வெக்கறது மட்டும் கூடாது.

ஒடியாக் குழந்தைங்க விசயம். திருப்பூர், பெருந்துறை, பல்லடம் பக்கம் இப்ப இது நெறையப் பள்ளியில இருக்கறதுதான். மூணு பேரையும் ஒரேடியாப் பிரிக்காதீங்க, பயந்துக்கும். ஆளுக்கு ரெண்டு பக்கமும் வாயாடியா ஒரு உள்ளூர்க் குழந்தைய ஒக்கார வெச்சு, சாப்பாட்டு நேரத்துல மட்டும் மூணும் சேந்துக்கட்டும். வா, ஒக்காரு, எடு, குடு, வெய்யி, காட்டு, தண்ணி, போதும், வேணும், வலிக்குதுன்னு பத்துச் சொல். எல்லாமே செஞ்சு காட்டித்தான், வாரம் பூரா. முதல் ரெண்டு மாசம் அதுக பேசாம இருந்தா மந்தம்னு எழுதிராதீங்க. சொன்னதச் செய்யுதுங்களான்னு பாருங்க. செஞ்சா உள்ள தமிழ் ஏறிட்டு இருக்குதுன்னு அர்த்தம். கணக்குல வாய் தேவையில்லாத வேல நெறைய இருக்குது. சோழியும் முட்டைத் தட்டும் அதுகளுக்கு முதல் நாள்ல இருந்தே முடியும்.

எழுத்துல அதுகளுக்குத் தனி இடர் ஒன்னு. ஒடியாவுல pa, ba ரெண்டுக்கும் தனித்தனி எழுத்துன்னு வீட்டுல அண்ணன் அக்கா சொல்லிக் குடுத்திருப்பாங்க. நம்ம ப "பம்பரம்"ல ரெண்டு வெதமா ஒலிக்குது, எழுத்து ஒன்னுதான். குழப்பம் வரும். வெளக்கம் சொல்லாம சொல்லோட சேத்தே பழக்குங்க. அதுக மொழியிலயும் ஆடு, தண்ணி, மரத்துக்கு என்ன பேருன்னு கேட்டு வகுப்பே ஒருக்காச் சொல்லிப் பாருங்க. அன்னிக்குத்தான் அதுக வாய் தெறக்கும்.

கோபி_கரும்பலகை:

மத்தியானத்துக்கு யாரும் பதில் சொல்லலீங்களே. சாப்பிட்ட பின்னாடி முதல் பாடவேளையில எழுத்தும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். திங்கள், புதன் கை வேல: களிமண் உருட்டறது, காகிதம் கிழிச்சு ஒட்டறது, பனியன் கட்பீஸ் துணியில முடிச்சுப் போடறது. எழுதறதுக்கு விரல் பலம் வர்றது இதுலதான். முடிச்சுப் போடத் தெரியாத விரல் பென்சில அழுத்திப் பிடிக்காது. செவ்வாய், வியாழன் வெளிய, வேப்பமர நெழல்ல. வேம்பு, புளி, முருங்கை, பூவரசுன்னு நாலு எல பொறுக்கியாந்து சின்னது பெருசு, தனி எல கூட்டு எலன்னு பிரிக்கறது. எருக்கு, அரளி, ஊமத்தை எங்க நிக்குதுன்னு நீங்க முன்னாடியே போய்ப் பாத்துக்குங்க. எருக்கம்பால் கண்ணுல பட்டா பெரிய தொந்தரவு. பார்த்தீனியம் மண்டிக் கெடந்தா அந்தப் பக்கமே வேண்டாம்.

வீட்டுப்பாடம்னு நோட்டு குடுக்காதீங்க, ஷிப்டு முடிச்சு வர்றவங்க என்ன சொல்லித் தருவாங்க. வெள்ளிக்கெழம ஒரு கேள்வி மட்டும் குடுத்து அனுப்புங்க: உங்க கட்டுத்தாரையில எத்தன மாடு, எத்தன ஆடு? மாடு இல்லாத வீடுன்னா எத்தன பேரு, எத்தன சைக்கிள். திங்கக்கெழம ஒவ்வொரு குழந்தையும் தரையில ஒரு ஆட்டுக்கு ஒரு கொட்டை வெக்கட்டும். யாரு வீட்டு வரிசை நீளம்னு பாத்தாலே அன்னிக்குக் கணக்குப் பாடம் முடிஞ்சுது.

காங்கேயம்_கணக்கு:

வெள்ளிக்கிழமை யார் விட்டுப்போனார்கள் என்று எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு மூன்று குழந்தை, ஆளுக்கு இரண்டு நிமிடம். அஞ்சு நாளில் 14 பேரும் முடிந்துவிடுவார்கள். நோட்டில் ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு வரி, நாலு கட்டம்: அட்டையைக் காட்டினால் எழுத்தைச் சொல்கிறதா, சொன்னால் எழுத்தை எடுக்கிறதா, எழுதுகிறதா, எண்ணித் தொகை சொல்கிறதா. தானாகச் செய்தால் முழு வட்டம், உதவியோடு செய்தால் அரை வட்டம், இல்லையென்றால் காலி. மதிப்பெண் வேண்டாம். முதல் மூன்று நாளில் பார்த்த குழந்தைகளை வெள்ளியன்று புது எழுத்துக்கு மட்டும் ஒரு தடவை மறுபடி பாருங்கள், ஏனென்றால் திங்களன்று பார்த்தவர்கள் புதன் எழுத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு எழுத்தில் பாதிப் பேருக்கு மேல் காலிக் கட்டம் வந்தால் கோளாறு குழந்தையிடம் இல்லை. அந்த எழுத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொண்டு, புது எழுத்தை இரண்டாகக் குறைத்துவிடுங்கள்.

அன்னூர்_ஆசிரியை:

வெள்ளிக்கெழமய காலியா விடறதுக்கு இப்பத்தான் தைரியம் வந்துதுங்க. கடைசியா ஒன்னு: ஒரு குழந்தை இடது கையிலதான் எழுதுது, இன்னொன்னு பல்பத்தக் கடிச்சுத் தின்னுருது. என்ன பண்றதுங்க?

நொய்யல்_கரை:

இடது கைய மாத்தாதீங்க. பெஞ்சுல இடது ஓரமா ஒக்கார வெச்சாப் பக்கத்து முழங்கை இடிக்காது. சிலேட்ட வலப்பக்கமா லேசாச் சாச்சு வெக்கட்டும், அப்பத்தான் எழுதறது தன் கையால மறையாது. எழுதிக் காட்டறப்ப அந்தக் குழந்தைக்கு மட்டும் நீங்களும் இடது கையில காட்டுங்க.

பல்பம் திங்கறத அதட்டி நிறுத்த முடியாதுங்க. ரத்தசோகை இருந்தா அப்படி வரும், வயித்துல பூச்சியும் இருக்கலாம். பள்ளிக்கு மருத்துவக் குழு வர்றப்ப சொல்லுங்க, அதுக்குள்ள அம்மாவக் கூப்பிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒருக்கா ரத்தம் பாக்கச் சொல்லுங்க. அது வரைக்கும் அந்தக் குழந்தைக்குப் பல்பத்துக்குப் பதிலா மணல் தட்டமும் வேண்டாம், மண்ணும் வாய்க்குப் போகும். கிரேயானும் அட்டையும் குடுங்க, நீங்க பாக்கற தூரத்துல ஒக்கார வெச்சு.